மீண்டும் வந்த ஜீனோ: வாசகர் விருப்பமும் படைப்பாளியின் துணிவும்

பெங்களூர்த் தமிழர் தம் நகரோடு சேர்த்துச் சொல்லிப் பெருமை கொள்ளும் எழுத்தாளருள் சுஜாதா முதன்மையானவர். 1935இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் பிறந்து, திருவரங்கத்தில் வளர்ந்து, திருச்சியிலும் குரோம்பேட்டையிலும் பயின்று, தில்லியில் பணிபுரிந்தபின் இந்நகரின் ஜாலஹள்ளிக்கு வந்து சேர்ந்தவர் எஸ். ரங்கராஜன் என்னும் அப்பொறியாளர். பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் உருவான பணியில் அவருக்கிருந்த பங்கை நாடறியும். அவ்வியந்திரம் உருப்பெற்று வந்த எண்பதுகளிலேயே, மக்களின் வாக்குக்கு மதிப்பே இல்லாத ஓர் எதிர்கால இந்தியாவை அவர் ஆனந்த விகடனில் 'என் இனிய இயந்திரா' என்னும் தொடர்கதையாகப் படைத்தார். அதன் தொடர்ச்சியாக 'மீண்டும் ஜீனோ' என்னும் நாவலையும் தந்தார். மக்கள் தம்மைத் தாமே ஆளத் துணைபுரியும் பொறி ஒரு கையில். மக்களை அடக்கியாளும் பொறி மறு கையில்! இம்முரணே தனியொரு கட்டுரைக்குரிய பொருள்தான். நாம் இங்கு ஆராயப் புகுவதோ, அவ்விரண்டாம் நாவலின் தலைப்பில் முன்னிற்கும் 'மீண்டும்' என்ற ஒரு சொல்லை.

அச்சொல் வாசகருடைய சொல். ஒரு கதையை விரும்பிப் படித்தவர் அது முடிந்ததும் கேட்பது அதையே. ஏனைய கதைகளுக்கு இவ்வேண்டுகோள் அவ்வளவு பெரிய இடராவதில்லை. குடும்பக் கதையில் அதே குடும்பத்தை மீண்டும் காட்டலாம். அடுத்த தலைமுறைக்குத் திருமணம் நடத்தி வைக்கலாம். அறிவியல் புனைகதையின் நிலை வேறு. முன்பு காணாததைக் காட்டுவதே அதன் உயிர். வாசகர் அதனை விரும்பியதற்குக் காரணமே, அது அவர் எதிர்பாராத ஒன்றைக் கொடுத்தது என்பதுதான். அத்தகைய கதையையே 'மறுபடியும் தருக' என்று கேட்பது, வியப்பை முன்கூட்டியே சொல்லிவிட்டு வியக்கவை என்று கேட்பதற்கு ஒப்பாகும். இக்கேள்விக்குப் படைப்பாளி என்ன விடை சொல்ல இயலும்?

பொறி என்பது தமிழ்க் கதையுலகுக்குப் புதியதன்று. சீவக சிந்தாமணியில் சச்சந்தன் தன் கருவுற்ற தேவி விசயைக்காக மயிற்பொறி சமைக்கிறான்; கட்டியங்காரன் சூழ்ச்சி முற்றியபோது அவள் அதிலேறி வான்வழியே தப்பிச் சுடுகாட்டில் இறங்குகிறாள். பெருங்கதையில் எந்திர யானையொன்று வீரர்களை வயிற்றில் சுமந்து வந்து உதயணனைச் சிறைப்படுத்துகிறது. இரண்டும் கற்பனையின் அரிய படைப்புகள். ஆயினும் விசயையை இறக்கிவிட்ட பின் மயிற்பொறிக்குக் காப்பியத்தில் வேலை இல்லை. 'மீண்டும் மயிற்பொறி' பாடுக என்று திருத்தக்கதேவரை எவரும் வற்புறுத்தியதாகச் செய்தி இல்லை. காப்பியப் புலவரின் அவையில் தலையசைத்தோர் சிலர். வார இதழ்த் தொடர்கதையின் அவையோ தமிழகம் முழுவதும் பரந்தது. ஓர் அத்தியாயம் அச்சேறி அடுத்தது எழுதப்படும் முன்னரே கடிதங்கள் வந்து குவியும் அவை அது.

அவ்வவையின் வலிமையைக் கல்கி அறிந்திருந்தார். 1950 முதல் 1954 வரை தொடர்ந்த பொன்னியின் செல்வனை முடித்தபோது, இன்னார் என்ன ஆனார், இன்னது ஏன் சொல்லப்படவில்லை என்று வாசகர்கள் கேட்ட வினாக்களுக்கு அவர் முடிவுரை எழுதி விடையளிக்க வேண்டியதாயிற்று. மேலைநாட்டில் கானன் டாயில் 1893இல் ஷெர்லாக் ஹோம்ஸைக் கொன்று பார்த்தார், வாசகர் விடவில்லை, 1903இல் உயிர்ப்பித்து எழுப்பினார். எழுந்து வந்த ஹோம்ஸ் பழைய ஹோம்ஸாகவே இருந்தார் என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்வோம், பின்னர் உதவும்.

சுஜாதாவும் வாசகரின் இரு முகங்களையும் கண்டவர். 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியைப் பின்னணியாகக் கொண்டு குமுதத்தில் அவர் தொடங்கிய 'கறுப்பு சிவப்பு வெளுப்பு' கடும் எதிர்ப்பால் நின்றுபோயிற்று. பிறகு 'ரத்தம் ஒரே நிறம்' என்று வேறு பெயரில் எழுதி முடித்தார். சினம் ஒரு தொடரை நிறுத்தவல்லது. அன்போ தொடரை நிறுத்தவிடாது! இரண்டில் எழுத்தாளனுக்கு மிகுந்த தொல்லை எதுவென்று கேட்டால், பின்னதே என்போம் நாம். சினத்தின் முன் எழுத்தாளன் விழிப்புடன் இருப்பான். அன்பின் முன் கண்ணயர்ந்துவிடுவான்.

இவ்வன்பை அவர் எவ்வாறு கையாண்டார் என்பதற்குக் கணேஷ்-வசந்த் கதைகளே முதற்சான்று. வழக்கறிஞர் கணேஷ் 1968இல் 'நைலான் கயிறு' நாவலில் தோன்றினார். பின்னர் வந்து சேர்ந்த வசந்த், தன் குறும்பினால் மூத்தவரையும் விஞ்சிப் புகழ் பெற்றான். பல்லாண்டுகள் எழுதப்பட்டும் இருவருக்கும் நரை கூடவில்லை; மணம் முடியவில்லை; கணேஷின் நிதானமும் வசந்தின் வாயும் மாறவில்லை. இது தொடர் பாத்திரங்களின் விதி. வாசகர் வீட்டுக்கு வரும் விருந்தினர் ஒவ்வொரு முறையும் அதே முகத்தோடு வரவேண்டும். இவ்விதியை மதித்து நடந்தவாறே அதைக் கேலி செய்யவும் சுஜாதா அறிந்திருந்தார். மெக்ஸிகோ நாட்டுச் சலவைக்காரி பற்றிய வேடிக்கைக் கதையொன்றை வசந்த் அடிக்கடி தொடங்குவான், ஒருமுறையேனும் முடித்ததில்லை. முழுக்கதையைக் கேட்டு ஏங்காத சுஜாதா வாசகர் உண்டோ? அதைச் சொல்லியிருந்தால் அரைப் பக்கத்தில் தீர்ந்திருக்கும். சொல்லாமல் விட்டதால் வாசகர் விருப்பம் என்ற ஒன்று உயிரோடு இருந்தது. கேட்டதைக் கொடுக்காமை ஒரு கொடை என்பதற்கு இதனினும் எளிய எடுத்துக்காட்டு நமக்குத் தெரியவில்லை.

அவ்வரிசையில் அறிவியலுக்கு மிக நெருங்கி வந்த 'கொலையுதிர் காலம்' நாவலில் அவர் இன்னும் ஓரடி முன்னே வைத்தார். துப்பறியும் கதையைப் படிப்பவர் இறுதியில் ஒரே விடையை எதிர்பார்ப்பார். இங்கோ, பேயென்று தோன்றியது ஒளியால் ஆன முப்பரிமாண உருவமே என்று கணேஷின் அறிவியல் ஒருபுறம். அவ்விளக்கத்தில் முற்றும் அடங்க மறுக்கும் ஐயம் மறுபுறம். நாவல் இரண்டையும் வாசகர் கையில் கொடுத்துவிட்டு விலகிக்கொள்கிறது. பழகிய பாத்திரங்கள் என்ற உறுதி இருந்தமையால், பழகாத முடிவை வாசகர் பொறுத்துக்கொண்டனர் என்பது நம் கருத்து. அம்முடிவைப் பெயர் அறியாத இருவரை வைத்து எழுதியிருந்தால் இதழ் அலுவலகத்துக்குக் கடிதங்கள் வேறு தொனியில் வந்திருக்கும்!

அந்த ஒளியுருவம் அத்துடன் மறையவில்லை. 'என் இனிய இயந்திரா'வில் அது அரியணை ஏறுகிறது. கதை நிகழும் காலம் இந்நூற்றாண்டின் இருபதுகளின் தொடக்கம். அவ்வாண்டுகள் இப்போது நம்மைக் கடந்து போய்விட்டன. நாட்டை ஜீவா என்னும் சர்வாதிகாரி ஆள்கிறார். குழந்தை பெற அரசின் அனுமதி வேண்டும். முதுமை எய்தியோர் வாழ அனுமதி இல்லை. எவர் பெயரும் இரண்டெழுத்தைத் தாண்டலாகாது. (மூன்றெழுத்துச் சுஜாதாவுக்கு அந்நாட்டில் குடியுரிமை கிடைத்திருக்காது.) நிலா என்னும் சாதாரண இல்லத்தரசியின் கணவன் சிபி காணாமற் போகிறான். அவள் வீட்டுக்கு ரவி என்பவன் தன் இயந்திர நாய் ஜீனோவுடன் குடிவருகிறான். ரவி, மனோ ஆகியோரின் புரட்சிக் குழுவுக்குள் நிலா இழுக்கப்படுகிறாள்; ஜீவாவைக் கொல்லும் பொறுப்பு அவளிடம் வந்து சேர்கிறது. கொல்லச் சென்றபோதுதான் தெரிகிறது, கொல்வதற்கு அங்கே ஆளே இல்லை. நாடு வணங்கிய தலைவன் வெறும் ஒளிப்படிமம்.

கதையைச் சுருக்கிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. இதில் வாசகர் வழக்கமாகப் பற்றிக்கொள்ளும் கொம்பு எதுவும் இல்லை. கணேஷ் இல்லை, வசந்த் இல்லை, திருவரங்கத்துத் தெரு இல்லை, நீதிமன்றம் இல்லை. தெரிந்த சாதிப்பெயர், ஊர்ப்பெயர், உறவுமுறை எதுவும் இல்லாமல், இரண்டெழுத்துப் பெயர்களை மட்டும் வைத்துக்கொண்டு பெரும்புழக்க வார இதழொன்றில் தொடர்கதை நடத்துவது சிறு துணிவன்று. எழுபதுகளில் அவர் சேர்த்து வைத்த வாசகர் அன்பு என்னும் முதலைச் செலவிட்டே இத்துணிவு வாங்கப்பட்டது. அறிவியல் கதையைப் பேருந்து நிலையப் படிப்பு என்று ஒதுக்கிய திறனாய்வாளர் பலர், இந்தக் கணக்கைப் பார்க்கவே இல்லை.

செலவிட்ட இடத்திலேயே புதிய முதலும் சேர்ந்தது. அதன் பெயர் ஜீனோ. கட்டளைக்குப் பணியும் இயந்திர நாய். ஆயினும் பேச்சில் நயமும் சூழ்நிலையை எடைபோடும் அறிவும் உடையது. அஞ்சி நடுங்கும் நிலாவுக்கு அதுவே அமைச்சன், அதுவே தோழன். குடிமக்களைப் போலவே அதற்கும் பெயர் இரண்டெழுத்து என்பதைக் கவனிக்க வேண்டும். மனிதரை எண்ணாகச் சுருக்கிவிட்ட அரசில், மனிதருக்கும் பொறிக்கும் பெயரளவில் வேறுபாடு இல்லை. குணத்தளவில் பொறியே ஒருபடி மேல். ஆசிரியர் இந்நாயைக் கதைக்குத் துணையாகவே கொண்டுவந்திருத்தல் வேண்டும். வாசகரோ அதைக் கதையின் நாயகனாக வரித்துக்கொண்டனர். ஒளிப்படிம ஆட்சி என்னும் அரிய சிந்தனையைக் காட்டிலும், ஒரு நாயின் சாதுரியமே வீடுதோறும் பேசப்பட்டது. பின்னர்த் தொலைக்காட்சித் தொடராக வந்தபோதும் நிலைத்த நினைவு ஜீனோவே.

இனி இரண்டாம் நாவலுக்கு வருவோம். முதல் நாவலின் முடிவில் நிலா அரியணை ஏற்றப்படுகிறாள். ஆள்வோர் திரைக்குப் பின்னாலுள்ள ரவியும் மனோவும். உடலே இல்லாத உருவம் ஆண்ட இடத்தில், உயிரும் உடலும் உள்ள பெண்ணை உருவமாக ஆக்கி வைக்கிறார்கள். புரட்சி செய்தோர் சர்வாதிகாரியை அழிக்கவில்லை. அவன் இருந்த இடத்தை நிரப்பினர். ஆகவே தொடர்ச்சிக்கு உரிய காரணம் கதைக்குள்ளேயே இருந்தது. பொம்மை அரசியான நிலா தன் குரலைப் பெறுவாளா என்பதே மிஞ்சிநின்ற கேள்வி. அதன்படி நாவலுக்கு 'மீண்டும் நிலா' என்று பெயர் இட்டிருக்கலாம். இட்ட பெயரோ 'மீண்டும் ஜீனோ'. முதல் நாவலின் தலைப்பு பொறியை விளித்தது. இரண்டாவதன் தலைப்பு வாசகரை விளித்தது. நீங்கள் கேட்டது இதோ வருகிறது என்னும் அறிவிப்பு அது.

இவ்வறிவிப்புக்கு விலை உண்டு. அதை மறைப்பது திறனாய்வாகாது. முதல் நாவலைப் படிக்கையில் நிலாவுக்கு என்ன நேருமோ என்ற உண்மையான அச்சம் நம்மைப் பற்றுகிறது. இரண்டாவதில் அவ்வச்சம் தளர்கிறது. இடர் எதுவாயினும் ஜீனோ வந்துவிடும்; வந்தால் வழி கண்டுபிடிக்கும். தலைப்பே அந்த உறுதியை நமக்குக் கொடுத்துவிடுகிறது. ஜீனோ பேசும் பகுதிகள் சுவையானவை என்பதில் ஐயமில்லை. ஆனால் அச்சுவைக்காகவே சில நிகழ்ச்சிகள் நீட்டப்பட்டுள்ளன என்ற எண்ணமும் எழாமல் இல்லை. மூப்படைந்தோரைக் கணக்குப் பார்த்து அப்புறப்படுத்தும் கொடிய நாடு, இரண்டாம் நாவலில் ஒரு சாகசக் கதைக்குரிய மேடையளவுக்குக் குறைந்துபோகிறது. வாசகர் விருப்பம் வென்ற இடம் இது.

ஆனால் இதே நாவலில்தான் சுஜாதா வேறோர் இடத்தில், வாசகர் கேட்காத ஒன்றைச் செய்கிறார். திரும்பி வந்த ஜீனோ பழைய ஜீனோவாக நிற்கவில்லை. அது நூல்களைப் படிக்கிறது; படித்ததை எண்ணிப் பார்க்கிறது; தனக்கு இடப்பட்ட கட்டளைகளின் எல்லையைத் தாண்டித் தானாகச் சிந்திக்கத் தலைப்படுகிறது. முதலில் அது புத்திசாலியான பொறி. பின்னர், தான் ஒரு பொறிதானா என்று கேட்கும் நிலையை நெருங்கும் ஒன்று. கணேஷுக்கும் வசந்துக்கும் இவர் ஒருநாளும் வழங்காத உரிமையை, மாறும் உரிமையை, ஒரு தகர நாய்க்கு வழங்கினார். ஹோம்ஸ் மாறாமல் மீண்டார் என்று முன்பு குறித்தோம். ஜீனோ மாறுவதற்காகவே மீண்டது. வாசகர் கேட்ட உருவத்தைக் கொடுத்து, அவர் கேளாத உள்ளத்தை அதற்குள் வைத்தார் ஆசிரியர். இரண்டாம் நாவலின் குறைகளை நாம் பொறுத்துக்கொள்வது இதன் பொருட்டே.

இதன் அருமை பிறநாட்டு நிகழ்ச்சிகளோடு ஒப்பிடுகையில் விளங்கும். அமெரிக்காவில் ஃபிராங்க் ஹெர்பர்ட் 1965இல் நூலாக வெளியிட்ட 'டியூன்' வெற்றிவீரன் ஒருவனின் கதை. அதன் தொடர்ச்சியில் அவ்வீரனின் வெற்றியே பேரழிவாய் முடிந்ததைக் காட்ட அவர் விரும்பினார். முதற்கதையைத் தம் இதழில் தொடராக வெளியிட்ட ஆசிரியர் ஜான் கேம்பல் இரண்டாவதை ஏற்க மறுத்துவிட்டார். நாயகன் வீழ்வதை வாசகர் விரும்பார் என்பது அவர் கணிப்பு. ஹெர்பர்ட் விட்டுக்கொடாமல் வேறோர் இதழில் வெளியிட்டு 1969இல் நூலாக்கினார். இதற்கு நேர்மாறு 'ஸ்டார் வார்ஸ்' திரைப்பட வரிசை. 2017இல் வந்த படம், ரே என்னும் நாயகியின் பெற்றோர் பெயரற்ற எளியோர் என்று சொல்லிற்று. பழைய இரசிகருள் பெரும்பிரிவினர் கொதித்தனர். 2019இல் வந்த அடுத்த படம் அவளைப் பழைய வில்லனின் பேத்தியாக்கிற்று. ஒருவர் வாசகரை எதிர்த்து நின்றார்; மற்றவர் பணிந்தனர். சுஜாதா செய்தது இரண்டும் அன்று. கேட்ட பெயரை முகப்பில் எழுதிவிட்டு, பேசாமல் உள்ளே தம் வேலையைப் பார்த்தார். வார இதழில் வளர்ந்தவருக்கே கைவரும் தந்திரம் இது.

தமிழ்த் திரையுலகில் இக்கேள்வி பிற்காலத்தில் பேருருக் கொண்டது. 2010இல் ஷங்கர் இயக்கி ரஜினிகாந்த் நடித்து வெளிவந்த 'எந்திரன்' படத்தின் உரையாடலில் சுஜாதாவுக்கும் பங்கு உண்டு. படம் வெளிவருமுன்னரே, 2008 பிப்ரவரி 27ஆம் நாள், அவர் மறைந்துவிட்டார். அப்படத்தின் சிட்டி என்னும் எந்திரம் மனிதர்க்கு உதவப் படைக்கப்பட்டது. உணர்ச்சி ஊட்டப்பட்டதும் காதல் கொண்டு கெட்டது. சிவப்புச் சில்லு பொருத்தப்பட்டதும் கொலைப்படையாய்ப் பெருகியது. இறுதியில் நீதிமன்றம் இட்ட ஆணைப்படி தன் உறுப்புகளைத் தானே ஒவ்வொன்றாகக் கழற்றி வைக்கிறது. அருங்காட்சியகத்தில், ஏன் உன்னைக் கழற்றினார்கள் என்று ஒரு சிறுமி கேட்க, சிந்திக்கத் தொடங்கிவிட்டேன் என்னும் கருத்துப்பட விடை சொல்கிறது. சிந்திக்கத் தொடங்கிய ஜீனோவின் சாயல் அவ்விடையில் நமக்குத் தெரிகிறது. கதை அங்கே முடிந்தது. முடிந்த விதமும் செம்மை.

2018இல் '2.0' வந்தது. அப்போது உரையாடலில் ஜெயமோகன் பங்கேற்றார். கழற்றி வைத்த சிட்டியை மீண்டும் பூட்டினார்கள். வானளாவிய பறவையுருவும், கைப்பேசிகள் பறந்து செல்லும் காட்சிகளும் தமிழ்த் திரையின் தொழில்திறனுக்குச் சான்றானவை. அவற்றைக் குறைத்துப் பேச மாட்டோம். நிலா என்ற பெயரில் ஓர் எந்திரப் பெண்ணும் அப்படத்தில் வருகிறாள். அப்பெயரைக் கேட்டதும் விகடன் காலத்து வாசகர் திரையரங்கில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பர். நம் குறை வேறிடத்தில். பகைவனை வெல்ல நல்ல சிட்டி போதவில்லை என்று, அந்தச் சிவப்புச் சில்லை மீண்டும் பொருத்துகிறார்கள். 2010இல் எந்த உருவம் வந்தபோது நாம் அஞ்ச வேண்டுமென்று கதை விரும்பியதோ, அதே உருவம் 2018இல் சீட்டியொலிக்கும் கைதட்டலுக்கும் உரிய நுழைவாக மாற்றப்பட்டுவிட்டது. இடைப்பட்ட எட்டாண்டுகளில் இரசிகர் அக்கொடிய சிட்டியின் நடையையும் சிரிப்பையும் நேசிக்கத் தொடங்கிவிட்டனர். படம் அந்நேசத்துக்கு விருந்து வைத்தது. எச்சரிக்கையாகச் சொன்னது விருந்தாகிவிட்டால், முதற்படத்து நீதிமன்றக் காட்சிக்கு என்ன பொருள் எஞ்சும்? எந்திரம் தன்னைக் கழற்றிக்கொண்டது வீணோ?

இவ்விரு மீட்சிகளையும் அருகருகே வைத்தால் வேறுபாடு விளங்கும். இரு படைப்புகளும் இரசிகர் கேட்ட எந்திரத்தையே திரும்பக் கொண்டுவந்தன. 'மீண்டும் ஜீனோ'வில் திரும்பிய எந்திரம் முதற்கதையைவிட ஒரு கேள்வி கூடுதலாகச் சுமந்து வந்தது; '2.0'இல் திரும்பிய எந்திரம் முதற்கதை கேட்ட கேள்வியை இறக்கி வைத்துவிட்டு வந்தது. செலவிட்ட பொருளின் அளவு இங்கே கணக்கில்லை. ஒன்றுக்குப் பல நூறு கோடி; மற்றொன்றுக்கு எழுதுகோலும் வார இதழின் சில பக்கங்களும்.

மூன்றாவது ஜீனோ நாவலைச் சுஜாதா எழுதவில்லை. இரண்டாவதற்குப் பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவர் வாழ்ந்தார், பெங்களூரில் ஓய்வு பெற்றுச் சென்னைக்குக் குடிபெயர்ந்தார், திரைக்கு எழுதினார், இதழ்ப் பத்திகள் எழுதினார், கணேஷும் வசந்தும்கூட அவ்வப்போது வந்து போயினர். ஜீனோ வரவில்லை. தானாகச் சிந்திக்கத் தொடங்கிவிட்ட ஒன்றை, அழைத்த போதெல்லாம் வாலாட்டி வரச் செய்வது இயலாது என்பதை அதைப் படைத்தவர் உணர்ந்திருத்தல் வேண்டும். சலவைக்காரியின் கதையைப் போலவே, அதுவும் சொல்லப்படாமல் நின்றது.